மூடி கழற்றாத லென்ஸ்

பத்திரிகைப் படம் எடுக்கப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் எந்த மிரர்லெஸ் கேமரா வாங்குவது, எந்த லென்ஸ், எந்தப் பை என்பதுதான். நான் ஒரு தமிழ் நாளிதழுக்குக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் படம் எடுத்து ஓய்வு பெற்றவன். கடைசிச் சில ஆண்டுகள்தான் மிரர்லெஸ் என் கையில் இருந்தது. தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

சாரல் உள்ளே இறங்காத கேமரா பாடி ஒன்று போதும். இருபத்து நான்கு எழுபது லென்ஸ் ஒன்று, இடுக்கான வீடுகளுக்கு லேசான முப்பத்தைந்து ஒன்று. தூரத்தை இழுக்கும் எழுபது இருநூறு அலுவலக பீரோவிலேயே இருக்கட்டும். அமைச்சர் வரும் நாளில் எடுத்துக்கொள்ளலாம். மிரர்லெஸ் பேட்டரியைக் குடிக்கும். மாற்று பேட்டரியைச் சட்டைப் பைக்குள் உடம்புச் சூட்டில் வையுங்கள், மலைக் குளிரில் சார்ஜ் இறங்கிவிடும். லென்ஸ் குறைந்தால் கால் அதிகம் நடக்கும். நடந்து பக்கத்தில் போனால்தான் எதிரில் இருப்பவர் மூச்சு விடுவது காதில் விழும். அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

பையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கேமராவுக்கென்றே விற்கிற கறுப்பு முதுகுப்பையை மாட்டிக்கொண்டு கல்வராயன் மலையில் ஓர் ஊருக்குள் போய்ப் பாருங்கள். நீங்கள் வண்டியை நிறுத்துவதற்குள் ஊர் காலியாகியிருக்கும். சாராய வேட்டைக்கு மப்டியில் வருகிறவர்கள் மாட்டியிருப்பதும் அதே மாதிரிப் பைதான். அதனால் நான் ஜவுளிக்கடையில் கொடுக்கும் பெரிய துணிப்பை ஒன்றுக்குள் ஸ்பாஞ்சு வெட்டி வைத்துத் தைத்து, அதைத்தான் தோளில் தொங்கவிட்டிருந்தேன். பார்க்கிறவர்களுக்கு நான் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவன் மாதிரி இருப்பேன். மழைக்கு ஆகாது. ஆனால் யாரும் ஓடமாட்டார்கள்.

இனி நான் சொல்லப்போவது ஒரு நாளையும் அதற்கு அடுத்த சில நாட்களையும் பற்றியது.

கருணாபுரத்து விஷச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு மலையில் வேட்டை கூடியிருந்த சமயம். வேட்டைக்குப் பயந்து ஆண்கள் இல்லாமல் கிடக்கும் ஊர்களைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்றது அலுவலகம். நானும் நிருபர் இருதயராஜும் அவனுடைய பைக்கில் கச்சிராயபாளையம் வழியாக மலையேறினோம். இருதயராஜ் சங்கராபுரம் பக்கத்துக் கிறிஸ்தவ விவசாயக் குடும்பம். வாய் சும்மா இருக்காது. வெள்ளிமலை தாண்டி, தார் ரோடு முடிந்து, மண்பாதையில் கொஞ்சம் போனால் வரும் ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம்.

நினைத்தது போலவே ஊரில் பெண்கள் மட்டும்தான் கண்ணில் பட்டார்கள்.

"ஆம்பளைங்கல்லாம் எங்கம்மா?" என்றான் இருதயராஜ்.

"மேஸ்திரி கூப்டுக்கினு போயிட்டாரு. மொளகு பறிக்க. கேரளாவுக்கு."

"மொத்த ஊரையுமா? அந்தக் கெடாவ மட்டும் உட்டுட்டுப் போயிட்டாரா? அது மொளகு பறிக்காதா?"

அவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு வந்த பிறகு நான் கேமராவை வெளியில் எடுத்தேன். எடுத்ததும் முதலில் அவர்கள் கையில் கொடுத்தேன். இது என் பழக்கம். படம் எடுப்பதற்கு முன்னால் கேமராவை அவர்கள் கண்ணில் கொடுத்துவிடுவேன். மிரர்லெஸ் வியூ ஃபைண்டருக்குள் பார்த்தால் சின்ன டிவி பார்ப்பது போல இருக்கும். பக்கத்து வீட்டுக்காரியை அதில் ஒருமுறை பார்த்துவிட்டால் பயம் போய்விடும். அதன் பிறகு தங்களை எடுக்க விடுவார்கள். சிலர் விடமாட்டார்கள். அதுவும் அப்போதே தெரிந்துவிடும்.

நாலைந்து பேர் பார்த்து முடிப்பதற்குள் பனியும் தூறலும் சேர்ந்து இறங்கியது. லென்ஸை மூடிபோட்டு மூடி, கேமராவைத் துண்டுக்குள் சுற்றிக்கொண்டு, பக்கத்தில் இருந்த வீட்டின் தகரத் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். அது அலமேலுவின் வீடு. முப்பது வயது இருக்கலாம். ஒரு காதில் மட்டும் கம்மல் போட்டிருந்தாள். உள்ளே ஆண்கள் இருவர் இருந்தார்கள். அவள் புருஷன் வெள்ளையன் போர்வையைப் போர்த்திக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தான். அவள் தம்பி குமார் எதிரில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தான். அவன் கள்ளக்குறிச்சியில் மூட்டை தூக்குகிறவன், முந்தாநாள்தான் மலைக்கு வந்திருக்கிறான்.

"அவருக்குக் காச்சலுங்க," என்றாள் அலமேலு, நாங்கள் கேட்பதற்கு முன்பே.

நான் வெள்ளையன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் மூச்சு காதில் விழுந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறவன், ஓடி வந்தவனைப் போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். முற்றத்து மூலையில் வாந்தியைச் சாம்பல் கொட்டி மூடியிருந்தார்கள். கருணாபுரத்தில் இந்த இரண்டையும் சேர்த்து நான் பார்த்திருந்தேன்.

"ஏதாவது குடிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"இன்னா சார், நீ போலீசா? நான் அதத் தொட்டு மாசக் கணக்காவுது."

"கண்ணு நல்லாத் தெரியுதா?"

"கண்ணுக்கு இன்னா கேடு? அல்லாம் தெரியுது. பொம்பளைங்களுக்கு மட்டுந்தான் பொட்டியக் காட்டுவியா? குடு, நானும் பாக்கறேன்."

கேமராவைத் துண்டிலிருந்து எடுத்து அவன் கையில் கொடுத்தேன். கண்ணில் வைத்துக்கொண்டான்.

"இன்னா மாமா தெரியுது?" என்றான் குமார்.

"அல்லாந்தான் தெரியுது. ஆடு நிக்குது. உங்கக்கா நிக்கறா. நல்லாக் கலர் கலராக் கீது."

லென்ஸின் மூடியை நான் கழற்றவில்லை. அது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவன் பார்த்துக்கொண்டிருந்தது முழு இருட்டு. அலமேலு அவனுக்குப் பின்னால் வாசற்படியில் நின்றிருந்தாள்.

இருதயராஜும் பார்த்துவிட்டான். அவன் வாய் மூடிக்கொண்டதை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். நான் கேமராவை வாங்கி, அலமேலுவுக்குத் தெரியும்படி மூடியைக் கழற்றினேன். அவள் மூடியைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"எப்பக் குடிச்சாரு?" என்றான் இருதயராஜ்.

குமார் கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டே இருந்தான்.

"யாரு குடுத்தாங்க, எங்கேர்ந்து வந்துதுன்னு நான் கேக்கவே இல்ல. எழுதவும் மாட்டேன். எப்பக் குடிச்சாருன்னு மட்டும் சொல்லு."

"நேத்து பொழுதோட," என்றாள் அலமேலு. "கீழருந்து வந்த பாக்கெட்டு."

நிருபர்களுக்கு இதைச் சொல்லிக்கொள்கிறேன். நெருக்கடியில் நம் வேலைக்குத் தேவையான கேள்வியும், எதிரில் இருப்பவன் உயிருக்குத் தேவையான கேள்வியும் வேறு வேறாக இருக்கும். முதல் கேள்வியைக் கேட்டிருந்தால் இரண்டாவதற்குப் பதில் கிடைத்திருக்காது. மலையில் காய்ச்சுவதைக் குடித்துப் பழகியவர்களுக்குக் கீழே ஊர்களிலிருந்து வரும் பாக்கெட் சாராயத்தில் என்ன இருக்கும் என்று தெரியாது. பாக்கெட்டைக் கொண்டுவந்தவன் பெயர் வெளியில் வந்தால் அவன் மேல் கொலை வழக்கு வரும் என்பது மட்டும் கருணாபுரத்துக்குப் பிறகு எல்லோருக்கும் தெரியும். அந்த வீட்டில் கீழேயிருந்து வந்தவன் ஒருவன்தான்.

நான் குமாரைப் பார்த்தேன். நான் கேட்பதற்குள் அவனே சொன்னான்.

"நான் குடிக்கல சார்."

"குடிச்சிருந்தா இப்பவே வந்துடு."

"அதான் குடிக்கலன்றேன். என் கண்ணையும் வேணா பாத்துக்க." கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேமராவை என் கையிலிருந்து வாங்கினான். இப்போது மூடி இல்லை. அக்காவை நோக்கித் திருப்பினான். "தோ, எங்கக்கா. ஒத்தக் காதுல கம்மலு. இந்தப் பக்கம் நிருபரு. சட்டைல ரெண்டாவது பட்டன் இல்ல. வூட்ல தெச்சிக் குடுக்க ஆளு இல்ல போலக்கீது." எல்லாம் சரியாக இருந்தது. கேமராவைத் திருப்பிக் கொடுத்தான். "பாஸா சார்?"

"இப்போ கண்ணு தெரியும்," என்றேன். "குடிச்சிக் கொஞ்ச நேரந்தான் ஆயிருந்தா இப்போ எல்லாம் நல்லாத்தான் இருக்கும். ராத்திரிக்கு மேல தெரியாமப் போவும். கருணாபுரத்துல பாத்தேன். விளையாடாத."

"குடிச்சிருந்தா வரமாட்டேனா சார்? சாவணும்னு எனக்கு இன்னா ஆசையா?"

நான் அலமேலுவைக் கேட்டேன். "அவன் குடிக்கலயாம்மா?"

"அவன் குடிக்கலீங்க," என்றாள்.

அதற்கு மேல் பேச நேரமில்லை. இருதயராஜ் மேட்டில் ஏறி, சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று ஆம்புலன்ஸுக்குப் பேசினான். வண்டி ஒரு பிரசவத்துக்காக வேறு பக்கம் போயிருந்தது. திரும்பியதும் வெள்ளிமலை ஆஸ்பத்திரிக்கு வரும், நோயாளியை அதுவரைக்கும் கொண்டுவந்துவிட முடியுமா என்று கேட்டார்கள். இருந்தது ஒரு பைக். இருதயராஜ் ஓட்ட வேண்டும், வெள்ளையன் நடுவில், அவனைப் பிடித்துக்கொள்ள பின்னால் ஒருவர். பின்னால் உட்காரும்படி அலமேலுவைக் கூப்பிட்டேன். அவள் அசையவில்லை.

"ஆஸ்பத்திரில பேரு கேப்பாங்களா சாரு?"

"அவரு பேரக் கேப்பாங்க."

"குடுத்தவன் பேரு?"

"எனக்குத் தெரியாது. தெரியாதத நான் எப்படிச் சொல்ல முடியும்?"

"எனக்குத் தெரியுமே," என்றாள். "என்னக் கேட்டா நான் சொல்லிடுவேன். நான் வரலீங்க. நீங்களே இட்டுக்கினு போங்க."

ஆக, பின்னால் உட்கார வேண்டியவன் நான். தோளில் பையோடு அது நடக்காது. மண்பாதையில் ஆடும் ஆளை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். கேமராவின் பட்டையைக் கழற்றினேன். அகலமான, மெத்தை வைத்த பட்டை. அதையும் வெள்ளையனின் துண்டையும் முடிந்து, அவனை இருதயராஜின் இடுப்போடு சேர்த்துக் கட்டினோம். கேமராவைப் பைக்குள் வைத்து, பையை அலமேலுவிடம் கொடுத்தேன். இரண்டு லென்ஸ், பாடி, எல்லாம் அதில்தான். அலுவலகச் சொத்து. கொடுக்கும்போது நான் யோசிக்கவில்லை. கொடுக்க யோசிக்க வேண்டிய அளவுக்குப் பொருளைச் சுமக்காதீர்கள் என்பதுதான் பையைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே விதி.

கிளம்பும்போது குமார்தான் மாமனைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தான். கால் ஆடாமல் ஃபுட்ரெஸ்ட்டில் எடுத்து வைத்துவிட்டு, "பத்தரமாப் போய்ட்டு வா மாமா," என்றான்.

மண்பாதை முழுக்க வெள்ளையன் முனகிக்கொண்டே வந்தான். தார் ரோடு ஏறியதும் கொஞ்சம் தெளிவாகப் பேசினான்.

"இருட்டுல இன்னாத்துக்குப் பா ஓட்ற? லைட்டப் போடு."

அப்போது நடுப்பகல். பனி விலகி வெயில் வந்திருந்தது.

"போட்டாச்சி," என்றான் இருதயராஜ்.

வெள்ளிமலையில் ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் ஏற்றிக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோனார்கள். மருத்துவர்கள் விடாமல் பார்த்தார்கள். வெள்ளையன் பிழைத்துக்கொண்டான். அவனுக்கு இப்போதும் வெளிச்சம் தெரியும், வெளிச்சத்தில் யாராவது குறுக்கே போனால் தெரியும், முகம் தெரியாது. அன்றைக்கு நாங்கள் ஒரு படமும் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று செல்போனிலாவது எடுத்திருக்கலாமே என்று அலுவலகத்தில் கேட்டார்கள். என் இரண்டு கையும் வேலையாக இருந்தது என்றேன்.

மறுநாள் காலை வெள்ளிமலையில் எங்களுக்குச் செய்தி சொல்கிறவர் கூப்பிட்டார். குமார் இறந்துவிட்டான். பொழுது சாய்ந்த பிறகு வயிற்று வலி, வாந்தி. அதன் பிறகு கண். போர்வையில் தூளி கட்டி ஊர்ப் பெண்களே அவனைத் தூக்கிக்கொண்டு மண்பாதையில் இறங்கியிருக்கிறார்கள். தார் ரோட்டுக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது.

நம் தொழிலில் வெளியில் யாரும் பேசாத ஒரு வேலை உண்டு. செத்தவர் வீட்டுக்குப் போய், ஒரு பாஸ்போர்ட் சைஸ் படத்தையோ அடையாள அட்டையையோ வாங்கி, வெளிச்சமான இடத்தில் தரையில் வைத்து, அதைப் படமெடுப்பது. நீங்கள் பேப்பரில் பார்க்கும் செத்தவர்களின் முகமெல்லாம் அப்படி வந்ததுதான். கருணாபுரத்தில் தெருத் தெருவாக நான் செய்ததும் அதைத்தான். லென்ஸ் வாங்கும்போது கிட்டத்தில் ஃபோகஸ் ஆகுமா என்று பார்த்து வாங்குங்கள். மாவட்டங்களில் வேலை செய்கிறவனுக்கு அது பூவுக்கும் பூச்சிக்கும் தேவைப்படுவதில்லை.

குமாரின் முகம் வேண்டும் என்று அலுவலகம் சொன்னது. பையும் அங்கே இருந்தது. உடற்கூறாய்வு முடிந்து அவனைப் புதைத்த பிறகு நானும் இருதயராஜும் மறுபடி மேலே போனோம். இந்த முறை ஊரில் ஆண்கள் இருந்தார்கள். சாவுக்கு வந்தவர்கள், காட்டிலிருந்து வந்தவர்கள். எங்களைப் பார்த்து யாரும் ஓடவில்லை, யாரும் பேசவும் இல்லை.

அலமேலு பையைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். ஓர் உரச்சாக்கால் சுற்றிக் கட்டி, பரணில் வைத்திருந்திருக்கிறாள்.

"நனையல," என்றாள். "பாத்துக்க."

"குமார் படம் ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டேன். கேட்க வேண்டியதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். "ஆதார் அட்டையா இருந்தாக்கூடப் போதும்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கார்டு போலீசுகிட்டக் கீது. வேற ஒன்னும் இல்ல. நீ எடுத்துருப்பன்னு நெனச்சிக்கினு நான் இருக்கறேன். அத்தினி நேரம் பொட்டிய வச்சிக்கினு அவங்கிட்டப் பேசிக்கினு இருந்தியே. ஒன்னுகூடவா எடுக்கல?"

"எடுக்கலம்மா."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு பேசியது எங்களிடம் இல்லை, சுவரிடம்.

"அன்னிக்கிக் காலைல மாமனுக்கு வாந்தின்னதும் நான் அவனக் கேட்டேன், இன்னாத்தடா கொண்டாந்து குடுத்தன்னு. பாக்கெட்டுல ஒன்னும் இல்லக்கா, காச்சல்தான்னான். நம்பலன்னேன். எம் மொகத்துக்கு நேரா ஒன்னு ஒடச்சிக் குடிச்சான். பாருன்னான். எனக்கு இன்னா ஆச்சி பாருன்னான்."

இருதயராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ கேட்டப்ப ஆமாம்னு சொல்லியிருந்தா ஜெயிலுக்குப் போயிருப்பான்," என்றாள். "ஜெயில்ல போய்ப் பாத்துருப்பேன்."

கை சும்மா இருக்க முடியாமல், கேமரா வேலை செய்கிறதா என்று பார்க்க அதை இயக்கினேன். பேட்டரி இருந்தது. கடைசியாக எடுத்த படம் திரையில் வந்தது.

அது நான் எடுத்த படமில்லை. சாவு விழுந்த வீடுகளுக்குப் போவதால் கேமராவைச் சத்தம் வராத ஷட்டரில் வைத்திருந்தேன். குமார் கண்ணில் வைத்துப் பார்த்தபோது அவன் விரல் பொத்தானில் பட்டிருக்கிறது. யாருக்கும் கேட்கவில்லை. படம் சாய்ந்திருந்தது. வாசற்படியின் கட்டை குறுக்கே போனது. ஆனால் இப்போதைய கேமராக்கள் ஒரு முகம் கிடைத்தால் கண்ணைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். அலமேலுவின் கண் துல்லியமாக விழுந்திருந்தது. தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. புடவைத் தலைப்பைப் பிடித்த கை பாதி தூக்கி, மார்புக்கும் வாய்க்கும் நடுவில் நின்றிருந்தது. சொல்ல வந்தவள் சொல்லாமல் நின்ற இடம் அது. விவரம் தெரியாதவர் பார்த்தாலும் புரியும். என் வேலைக்காலத்தில் நான் எடுத்த எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது.

திரையை அவளிடம் காட்டினேன். காட்டாமல் கொண்டுபோயிருக்க முடியும்.

வெகுநேரம் பார்த்தாள்.

"இது நானு," என்றாள். "அவன் எங்க?"

"அவன் எடுத்ததும்மா இது. அவன் கேமராவுக்கு இந்தப் பக்கம் இருந்தான்."

"அழிச்சிடு."

அழிக்கும் பொத்தானை அழுத்தினேன். கேமரா உடனே அழிக்காது, நிஜமாகவா என்று இன்னொரு முறை கேட்கும். திரையில் எழுத்து வந்ததைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா கேக்குது?"

"நிஜமா அழிக்கட்டுமான்னு கேக்குது."

அவள் கை நீட்டிக் கேமராவை வாங்கிக்கொண்டாள். திரை தானாக அணையும் வரை மடியில் வைத்திருந்தாள். பிறகு என்னிடம் கொடுத்தாள்.

"இருக்கட்டும். அவன் எடுத்தது. யாருக்கும் காட்டாத."

வெள்ளிமலைக்கு வரும்போதே போன் அடித்தது. செய்தி ஆசிரியர். பக்கம் முடிக்கக் காத்திருந்தார்கள்.

"படம் கெடச்சுதா?"

பை என் மடியில் இருந்தது.

"இல்ல சார்," என்றேன்.

மறுநாள் செய்தி உள்பக்கத்தில், படமில்லாமல் வந்தது.